52 வாரக் கணக்கு: டென்னிஸ் தரவரிசை பற்றிய கேள்வி பதில்

புதுச்சேரியில் மாலை நேரங்களில் எங்களோடு டென்னிஸ் ஆடும் நண்பர்களும், கடலூரிலிருந்து வந்து சேர்ந்துகொள்பவர்களும் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): நன்றாக ஆடிய வாரத்திலும் சிலர் தரவரிசையில் இறங்குகிறார்களே, ஏன்?

பதில்: தரவரிசை என்பது 52 வாரங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் பேரேடு. புதிய புள்ளிகள் வரவாகும்போது, சென்ற ஆண்டு அதே போட்டியில் ஈட்டியவை கழிந்துவிடும். விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு மிகப் பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் ஒன்றில் பட்டம் வென்றால் 2000 புள்ளிகள். மறு ஆண்டு இறுதியாட்டத்தில் தோற்றால் 1300தான், ஆகவே 700 நட்டம். 2022இல் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை விம்பிள்டன் சேர்க்க மறுத்ததால், அவ்வாண்டுப் போட்டிக்குப் புள்ளிகளே இல்லை என்று ஆடவர் தரவரிசையை வெளியிடும் ஏடிபி அமைப்பு அறிவித்தது. பட்டத்தை வென்ற ஜோகோவிச், முந்தைய ஆண்டின் 2000 புள்ளிகள் கழிந்ததால், மூன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு இறங்கினார். என் கருத்தில், விதி சரியாக இருந்தும் விளைவு விசித்திரமாக அமைந்ததற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

கேள்வி (முத்தியால்பேட்டை): கிராண்ட் ஸ்லாம் போட்டிகளை நடத்துவதும் ஏடிபிதானா?

பதில்: இல்லை, அந்த நான்கும் தனித்தனி அமைப்புகளுக்குரியவை. ஏடிபியின் சுற்றில் ஒன்பது மாஸ்டர்ஸ் 1000 போட்டிகளும், அவற்றுக்குக் கீழே 500, 250 நிலைப் போட்டிகளும் உள்ளன. பெயரிலுள்ள எண்ணே பட்டம் வெல்பவருக்குரிய புள்ளி. நம்மில் பலர் நுங்கம்பாக்கம் சென்று பார்த்த சென்னை ஓப்பன், 2017 வரை அங்கு நடந்து பின்னர் புனேவுக்குப் போன 250 நிலைப் போட்டியாகும்.

கேள்வி (லாசுப்பேட்டை): என் மகன் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு நடத்தும் எம்15, எம்25 எனப்படும் ஆடவர் தொடக்கநிலைப் போட்டிகளிலிருந்து. எம்15இல் பட்டமே வென்றாலும் கிடைப்பவை 15 புள்ளிகள்தான். பயணச் செலவையும் தங்கும் செலவையும் பார்த்தால், ஏணியின் இந்தக் கீழ்ப்படிகளே மிகக் கடினமானவை. அடுத்த படியான சேலஞ்சர் போட்டிகளில் தாக்குப்பிடிப்பவர்களே பெரிய போட்டிகளின் தகுதிச்சுற்றை எட்டுகிறார்கள்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): இவ்வளவு கணக்கு எதற்கு?

பதில்: நுழைவுக்கு. முன்பெல்லாம் யாரைச் சேர்ப்பது என்பது பெரும்பாலும் போட்டி நடத்துவோரின் விருப்பமாக இருந்தது. 1973 ஆகஸ்டில் ருமேனிய வீரர் நாஸ்டாஸேயை முதலிடத்தில் வைத்து வெளிவந்த கணினித் தரவரிசை அதை மாற்றியது. கிராண்ட் ஸ்லாமின் 128 இடங்களில் 104 இன்று தரவரிசைப்படியே நிரம்புகின்றன. 16 தகுதிச்சுற்றிலிருந்து வருவோருக்கு, எஞ்சிய 8, போட்டி நடத்துவோர் தம் விருப்பப்படி தரும் சிறப்பு அனுமதியான வைல்டு கார்டு பெறுவோருக்கு. காயத்தால் ஆறு மாதங்களுக்கு மேல் ஆடாதவர் தம் பழைய நிலையைப் 'பாதுகாக்கப்பட்ட தரவரிசை'யாகக் காட்டிப் போட்டிக்குள் நுழையலாம்; ஆனால் அதை வைத்து, முன்னணி வீரர்கள் தொடக்கச் சுற்றுகளிலேயே மோதாதபடி பிரித்து வைக்கும் சீடிங் வரிசையில் இடம் பெற முடியாது.