டிஸ்க் ஸ்க்ரூ கழல மறுத்தால்

கேள்வி: காரின் முன்சக்கர பிரேக் டிஸ்க்கை நானே மாற்றிக்கொண்டிருக்கிறேன். டிஸ்க்கை ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களில் ஒன்று கழன்றுவிட்டது. மற்றது அசையவே இல்லை. திருப்புளி வழுக்கி வழுக்கி, தலையில் இருக்கும் கூட்டல்குறி பாதி தேய்ந்துவிட்டது. ட்ரில் போட்டால் ஹப் கெட்டுவிடுமா? ஒரு ஸ்க்ரூ இல்லாமல் ஓட்டலாமா?

பதில்: முதலில் திருப்புளியைக் கீழே வையுங்கள். இன்னும் இரண்டு முறை வழுக்கினால் மிச்சமிருக்கும் பிடியும் போய்விடும். அளவோடு ட்ரில் போட்டால் ஹப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்கு முன் ஒரு நல்ல வாய்ப்பு பாக்கி இருக்கிறது.

பிரேக் பிடிக்கும்போது வரும் விசையை இந்த ஸ்க்ரூ தாங்குவதில்லை. சக்கரத்தை மாட்டி நட்டுகளை முறுக்கியதும் அவைதான் சக்கரம், டிஸ்க், ஹப் மூன்றையும் ஒன்றாக இறுக்குகின்றன. சக்கரம் கழற்றியிருக்கும் நேரத்தில் டிஸ்க் சாயாமல் நிற்பதற்குத்தான் ஸ்க்ரூ. அது இல்லாமலே வரும் கார்களும் நிறைய உண்டு. அதனால் அதை அழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றாலும் பயப்பட வேண்டாம்.

இத்தனை சின்ன ஸ்க்ரூ ஏன் இப்படிப் பிடிக்கிறது? தலையின் அடிப்பக்கம் கூம்பாக இருக்கும். டிஸ்க்கில் உள்ள கூம்புக் குழியில் அது அழுந்தி உட்காரும். தண்ணீரும் பிரேக் சூடும் சேர்ந்து அங்கே துருவை ஏற்றிவிடும். பல நேரம் மரையைவிட இந்தக் கூம்புதான் அதிகம் பிடித்துக்கொள்கிறது.

கூட்டல்குறி தேய்வதற்கு வழக்கமான காரணம் பிட்டின், அதாவது திருப்புளி முனையின், அளவு. வீட்டில் புழங்கும் திருப்புளி பெரும்பாலும் இரண்டாம் நம்பர். ஜப்பானிய கார்கள் பலவற்றில் இந்த ஸ்க்ரூவுக்கு மூன்றாம் நம்பர் வேண்டும். பிட்டைக் குழியில் வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது சரியான பிட் இல்லை. குழியில் அடைந்த துருவையும் அழுக்கையும் கூரான ஊசியால் சுரண்டி எடுத்துவிடுங்கள், பிட் அடிவரை இறங்கட்டும்.

அப்புறம் தலையைச் சுற்றி துரு இளக்கும் எண்ணெய் விட்டு, கால் மணி நேரமாவது ஊறவிடுங்கள். தட்டையான பஞ்ச் ஒன்றைத் தலைமேல் வைத்து நாலைந்து முறை நேராகத் தட்டுங்கள். கூம்பில் இருக்கும் துரு விரிசல் விடும். எண்ணெய் உள்ளே போகவும் வழி கிடைக்கும்.

இப்போது கை இம்பாக்ட் டிரைவர். பின்பக்கம் சுத்தியலால் அடித்தால் முனை கொஞ்சம் திரும்பும் கருவி அது. கழற்றும் திசைக்கு மாற்றி, உடல் பகுதியைக் கையால் அதே திசையில் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கிலோ சுத்தியலால் நறுக்கென்று ஒரே அடி. அடி விழும் கணத்தில் பிட் குழிக்குள் அழுந்துவதால் வழுக்க இடமில்லை. அதே கணத்தில் திருப்பமும் கிடைக்கிறது. திருப்புளியால் ஒரு மணி நேரம் போராடியும் அசையாத ஸ்க்ரூ மூன்றாவது அடியில் ‘டக்’கென்று விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாதி தேய்ந்த தலைக்கும் இது பலிக்கும். பாட்டரி இம்பாக்ட் கருவியை இங்கே பயன்படுத்தாதீர்கள், மிச்சக் குழியையும் அரைத்துவிடும். கேஸ் விளக்கால் சூடாக்குவதும் வேண்டாம். பேரிங் சீலும் சென்சார் ஒயரும் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஐந்தாறு அடிக்கும் அசையவில்லையா? ட்ரில்லை எடுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியைப் போடுங்கள். தலையின் நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு குழி. 3 மி.மீ. பிட்டால் சிறு துளை. ஸ்க்ரூ பெரும்பாலும் 6 மி.மீ. கனம்தான், அப்படியானால் அடுத்து 6.5 அல்லது 7 மி.மீ. பிட். மெதுவான வேகம், நல்ல அழுத்தம், இடையிடையே ஒரு சொட்டு எண்ணெய். தலையின் ஆழம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். பளபளவென்று சுருள் வந்துகொண்டே இருக்கும். திடீரென்று தலை தனி வளையமாகப் பிய்ந்து பிட்டோடு சேர்ந்து சுற்றும். உடனே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் இறங்கினால்தான் ஹப்பின் மரைக்குச் சேதம்.

இனி டிஸ்க் வரும். ஹப்போடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால், டிஸ்க்கில் மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல கார்களில் 8 மி.மீ. போல்ட் பொருந்தும். இரண்டையும் மாற்றி மாற்றி அரைச்சுற்றாக முறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே தள்ளப்படும். நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ அடியை வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் குறடு) பிடித்துத் திருப்புங்கள். தலை போனதும் இறுக்கமும் போய்விடுவதால் பெரும்பாலும் சுலபமாகச் சுழன்று வந்துவிடும்.

அடுத்த பக்கச் சக்கரத்துக்கு ஒன்று: காலிப்பரை (பிரேக் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) கழற்றும் முன்பே ஸ்க்ரூக்களைத் தளர்த்திவிடுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்தால் டிஸ்க் சுற்றாது. காலிப்பரைக் கழற்றிய பிறகு மட்டும் யாரும் பெடலைத் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

ஒரு ஸ்க்ரூவோடு ஓட்டலாம், ஆபத்தில்லை. ஆனாலும் புதிது வாங்கிப் போடுங்கள். ஸ்க்ரூவே இல்லாவிட்டால் சக்கரம் கழற்றும்போதெல்லாம் டிஸ்க் சாயும். துருத் துகள் ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே விழுந்தால் பெடல் துடிக்க ஆரம்பிக்கும். புது டிஸ்க் மாட்டும் முன் ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து சுத்தமாக்குங்கள். ஸ்க்ரூ மரையிலும் கூம்பிலும் துருப்பிடித்து ஒட்டாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையை மெலிதாகத் தடவி, சாதாரணக் கைப்பலத்தில் முறுக்கினால் போதும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால், காரின் கையேடு வேறு அளவு சொல்லாதவரை, 10 நியூட்டன் மீட்டர் அளவில் நிறுத்துங்கள்.