பேண்ட் செட் தவிர வேறெதுவும் கேட்டிராதவர் பிராஸ் குவிண்டெட் கச்சேரிக்குப் போகலாமா?

கேள்வி: உதகையில் ஒரு கல்லூரி அரங்கில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் இசைத்துறை ஆசிரியர்கள் ஐவர் பிராஸ் குவிண்டெட் வாசிக்கப் போகிறார்களாம். அனுமதி இலவசம். கல்யாண வீட்டு பேண்ட் செட் தவிர இந்த வாத்தியங்களை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஐந்து பேர் பித்தளை ஊதுவதை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்க முடியுமா?

பதில்:

முடியும், தவறாமல் போங்கள். ஒரு வரிப் பதில் போதுமென்றால் நீங்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் "பேண்ட் செட் தவிர" என்றும் "பித்தளை ஊதுவதை" என்றும் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்த பிறகு என்னால் ஒரு வரியோடு நிறுத்த முடியவில்லை. குன்னூரில் என் சித்தப்பா நடத்திவந்த பேண்ட் செட்டில் ஏழு ஆண்டுகள் யூஃபோனியம் (டியூபாவின் சின்ன உறவான பித்தளை வாத்தியம்) பிடித்தவன் நான். 'பிடித்தவன்' என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டிருக்கிறேன். காரணம் கீழே வரும்.

உங்கள் கேள்வியின் தொனியைப் பார்த்தால், வேலை நிமித்தமாக மலைக்கு வந்து ஓரிரு ஆண்டுகள் ஆனவர் என்று எண்ணுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்தருள்க. இம்மலையில் ஊதுகொம்புக்கு வயது அதிகம். இம்மலையின் பழங்குடிகளான கோத்தர்கள் வளைந்த பித்தளைக் கொம்புகளை இணையாக ஊதுகிறவர்கள். படுகர், தோடர் வீட்டுத் துக்கங்களுக்கு அவர்கள் வந்து வாசிக்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்து, கடந்த நூற்றாண்டில் படிப்படியாக நின்றது. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் இருக்கிறது. பட்டாளத்து பேண்டில் வாசித்து ஓய்வு பெற்ற ஒருவரிடம்தான் சித்தப்பா ட்ரம்பெட்டும் நோட்டேஷனும் (மேற்கத்திய சுரக்குறிப்பு) கற்றுக்கொண்டார். ஆகவே இங்கே பித்தளையின் ஓசைக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அதை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர்கள்தாம் குறைவு.

குவிண்டெட் என்பது இரண்டு ட்ரம்பெட், ஒரு பிரெஞ்சு ஹார்ன், ஒரு டிராம்போன், அடிக்குரல் தரும் பெரிய வாத்தியமான ஒரு டியூபா. டிரம் கிடையாது, நடத்துநரும் கிடையாது. அமெரிக்காவில் இசைத்துறை உள்ள பல பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஓர் ஆசிரியர் இருப்பார். அந்தத் துறையின் ஆசிரியர்கள் கூடினாலே ஏறத்தாழ ஒரு குவிண்டெட் தயார். வகுப்பு எடுப்பதோடு, வாத்தியத்தைக் கீழே வைத்துவிடவில்லை என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்காகவும் அவர்கள் இப்படிச் சேர்ந்து கச்சேரி செய்வதும் பிற ஊர்களுக்கு விருந்தினராகப் போய் வாசிப்பதும் உண்டு. நீங்கள் பார்க்கப் போவது அப்படியொரு குழுவாகத்தான் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஐந்து பேருக்கும் ஐந்து தனித்தனிக் குரல்கள் என்பது. ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் வாசிப்பதில்லை. ஒருவருக்கு மூச்சு முட்டினால், அந்தக் குரல் அந்த இடத்தில் இல்லாமலே போய்விடும். இது ஏன் எனக்குப் பெரிதாகப் படுகிறது என்பதற்கு ஒரு கதை உண்டு.

சித்தப்பா 14 பேர் பேண்ட் என்று பேசித்தான் முன்பணம் வாங்குவார். ஊதத் தெரிந்தவர்கள் எட்டுப் பேர் இருப்போம். மீதிப் பேருக்குச் சிவப்புக் கோட்டையும் ஜரிகை வைத்த தொப்பியையும் மாட்டி, விரலால் அழுத்தும் பிஸ்டன் இறுகிப்போன ஏதாவது ஒரு வாத்தியத்தைக் கையில் கொடுத்து, வரிசையில் நிறுத்திவிடுவார்கள். எங்கள் தொழிலில் இவர்களுக்கு 'டம்மி' என்று பெயர், கூலி பாதி. எனக்கு முதல் ஆண்டு முழுவதும் அந்த வேலைதான். மீரட்டில் செய்த பழைய யூஃபோனியம் ஒன்றை அணைத்துப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை உப்பவைத்து, விரல்களை மட்டும் அசைத்தபடி மாப்பிள்ளை ஊர்வலங்களில் நடந்தேன். ஒரு கல்யாணத்தில், ஆறேழு வயதுப் பையன் ஒருவன் என் பக்கத்திலேயே நடந்துவந்து, வாத்தியத்தின் அகன்ற வாய்க்குள் கையை விட்டுப் பார்த்து, "இதுல காத்தே வரல" என்று அவன் அப்பாவிடம் உரக்கச் சொன்னான். அவனுடைய அப்பா சிரித்தார். நான் அன்றிரவே மவுத்பீஸை வீட்டுக்கு எடுத்துப்போய் ஊதக் கற்கத் தொடங்கினேன்.

இதை இங்கே எழுதுவதற்காக இப்போது பேண்ட் தொழிலில் இருக்கும் நண்பர்கள் என்மேல் கோபப்படலாம். எல்லா பேண்டிலும் டம்மி உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆள் கணக்கைப் பார்த்துப் பணம் கொடுத்தவர்களும், வாசிப்பைக் காது கொடுத்துக் கேட்காதவர்களும் ஒரே ஆட்களாக இருந்ததால் எங்கள் பேண்டில் அது நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். துக்க வீடுகளில் எங்களை வாசலுக்கு வெளியே நிற்கவைத்து, உடல் புறப்படும் நேரத்தில் கையசைத்துக் கூப்பிடுவார்கள். ஜூலை மாதத்து மலை மழையில், வாத்தியத்தைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றிருக்கிறோம். உட்காருங்கள் என்று யாரும் சொன்னதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மாதம், குன்னூரில் ஒரு பள்ளி அரங்கில் இப்படியொரு ஆசிரியர் குழு வந்து வாசித்தது. அப்போது நான் தொழிலை விட்டுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து நாற்காலிகளும் ஐந்து ஸ்டாண்டுகளும் போட்டிருந்த மேடையைப் பார்த்தபோது, மற்றவர்கள் பிறகு வருவார்கள் போலும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

உறைபனிக் காலம், அரங்குக்குள் 12 டிகிரிக்கு மேல் இராது. ஊதுகருவிக்குக் குளிர் பகை. காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறைகிறது. வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். குழாய்க்குள் இருக்கும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால், அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். எல்லா வாத்தியமும் ஒரே அளவில் இறங்கினால் கவலையில்லை. ஆனால் ட்ரம்பெட்டின் குழாய் ஒன்றரை மீட்டர்தான், வாசிக்க வாசிக்க மூச்சிலேயே சூடாகிவிடும். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெரிய டியூபா, நாலு வரி சும்மா இருந்தாலும் ஆறிப்போகும். டியூபா ஆசிரியர் தம் முறை இல்லாத இடங்களிலெல்லாம் ஓசை எழாமல் குழாய்க்குள் வெறும் மூச்சை விட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். டிசம்பர் மாதத்து இரவு ஊர்வலங்களில் நாங்களும் அதையேதான் செய்வோம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பார்த்து நீங்கள் முகம் சுளிக்கக்கூடும். ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் அவர்கள் ஒரு சிறிய சாவியை அழுத்தித் தரையில் தண்ணீர் விடுவார்கள். ஹார்ன் வாசித்த அம்மையார் குழாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி உதறிவிட்டு, வாத்தியம் முழுவதையும் லாரி ஸ்டீயரிங்கைத் திருப்புவதுபோல் மடியில் வைத்துச் சுற்றினார். அருகிலிருந்த பெண்மணி "எச்சில்" என்று முணுமுணுத்தார். அதில் பெரும்பகுதி எச்சில் அன்று. சூடான மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த பித்தளையில் பட்டு நீராவதுதான். கச்சேரி முடிந்தபோது டியூபாவின் காலடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டை தேங்கியிருந்தது.

வெனிஸ் நகரத்து கப்ரியேலியின் உருப்படி ஒன்றில் தொடங்கினார்கள். 1600ஐ ஒட்டிய காலத்தில், புனித மாற்குப் பேராலயத்தின் எதிரெதிர் மாடங்களில் குழுக்களைப் பிரித்து நிறுத்தி வாசிக்கவைத்தவர் அவர். அடுத்து விக்டர் எவால்டின் முதல் குவிண்டெட். எவால்ட் (1860–1935) செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கட்டடப் பொறியியல் பேராசிரியர். இசையை ஓய்வு நேரத்தில் செய்தவர். கட்டடம் கட்டச் சொல்லிக்கொடுத்த ஒருவர் எழுதியதை இன்றும் உலகெங்கும் பிராஸ் குழுக்கள் வாசிக்கின்றன என்று அறிமுகத்தில் சொன்னபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது. தேயிலைக் கணக்கெழுதுகிறவனுக்கு இராதா?

அந்த எவால்டில்தான் அது நிகழ்ந்தது. ஹார்ன் தனியாக மேலெழும் ஓர் இடத்தில், முதல் சுரம் பிசிறு தட்டிப் பக்கத்துச் சுரத்தில் விழுந்து திரும்பியது. ஹார்ன் அப்படிப்பட்ட வாத்தியம். குழாய் சுமார் 12 அடி நீளம். அதன் மேல்ஸ்தாயியில், உதட்டாலேயே எழும் இயற்கைச் சுரங்கள் படிக்கட்டில் நெருக்கி வைத்த அகல்களைப்போல் அடுத்தடுத்து இருக்கும். உதடு இம்மி பிசகினால் வேறொன்று ஒலிக்கும். குளிரில் உதடு மரத்துப்போனால் கேட்கவே வேண்டாம். அம்மையாரின் காது மடல் சிவந்ததை மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை, குனியவும் இல்லை. அதே இசைத்தொடர் மறுபடி வந்தபோது சுத்தமாகப் பிடித்தார். எங்கள் பேண்டில் என்றால் அந்தப் பிசிறை டிரம் மூடியிருக்கும். டிரம் மூடாததைப் பட்டாசு மூடியிருக்கும். அந்த மேடையில் மூடுவதற்கு ஒன்றுமில்லை. அன்று நான் கேட்டவற்றுள் இன்றுவரை காதில் நிற்பது சரியாக வாசித்த பகுதிகளைக் காட்டிலும் அந்த ஒரு பிசிறுதான் என்று சொன்னால், இசையறிந்தவர்கள் என்னைப் பழிப்பார்கள். பழிக்கட்டும்.

எவால்டின் முதல் பகுதி முடிந்ததும் நான் கைதட்டினேன். நான் ஒருவன் மட்டுமே தட்டினேன். முன்வரிசையிலிருந்து ஒரு கனவான் திரும்பி, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். ஒரே படைப்பின் பகுதிகளுக்கு இடையில் தட்டக்கூடாது என்பது இப்போதைய மரபு. ஐரோப்பாவிலேயே பதினெட்டாம் நூற்றாண்டில் இடையிடையே தட்டும் வழக்கம் இருந்தது. நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் முடிந்தால் தட்டாமலா இருக்கிறோம்? ஆயினும் ஊரோடு ஒத்துப்போக விரும்பினால், ஐவரும் வாத்தியத்தை மடிக்கு இறக்கும்வரை காத்திருங்கள். என் கைதட்டலுக்கு முதல் ட்ரம்பெட் ஆசிரியர் தலையசைத்துச் சிரித்தார் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

கடைசியாக மால்கம் ஆர்னால்டின் குவிண்டெட். 1961இல் எழுதப்பட்டது. ஆர்னால்ட் லண்டனில் ஆர்க்கெஸ்ட்ரா ட்ரம்பெட் கலைஞராக இருந்தவர், ஆகையால் ட்ரம்பெட்டுகளுக்கு நல்ல வேலை வைத்திருக்கிறார். அதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத இசையைக் கேட்பதில் நட்டமொன்றும் இல்லை; விரல்களையும் வாயோரத் தசைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாலே நேரம் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்த உதடு எப்படி வீங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்த இவ்வூரில், கீழேயிருந்து வந்தவர்கள் மாடிப்படி ஏறினாலே மூச்சிரைக்கும். அப்படியிருந்தும் அந்த ஐவரும் மேளகர்த்தா அறியாதவர்களுக்கும் நோட்டேஷன் அறியாதவர்களுக்கும் சேர்த்தே வாசித்தார்கள்.

ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். ட்ரம்பெட்டுகளுக்கு நேர் எதிரே முதல் வரிசையில் உட்காராதீர்கள். ஹார்னின் வாய் பின்பக்கம் திரும்பியிருக்கும், அதன் ஓசை சுவரில் பட்டுத்தான் வரும். ஆகவே அரங்கின் நடுவில் ஐந்தாறு வரிசை தள்ளி அமர்ந்தால் ஐந்து குரலும் பிரிந்து கேட்கும். ஏதாவது ஒரு வாத்தியத்தை மட்டும் ஒரு உருப்படி முழுவதும் காதால் பின்தொடர்ந்து பாருங்கள். டியூபாவில் தொடங்குங்கள் என்பேன், ஆனால் யூஃபோனியக்காரனின் ஒருதலைச் சார்பு அது.

முடிந்ததும் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். நானும் வாசித்தவன் என்று டியூபா ஆசிரியரிடம் சொல்ல அருகில் போய், ஆங்கிலம் கைகொடுக்காமல், அவருடைய காலிக் கோப்பையை மட்டும் வாங்கி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சித்தப்பா விழித்திருந்தார். எத்தனை பேர் என்று கேட்டார். ஐந்து பேர் என்றேன். "அதுல ஊதினவங்க எத்தன பேரு?" என்றார். ஐந்து பேரும்தான் சித்தப்பா, என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் நல்ல கூலி பேசியிருப்பார்கள் என்றார். அனுமதி இலவசம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.