கொழுந்து லொறியும் மகளின் படிப்பும்

அக்கா, சனிக்கிழமை நீங்கள் வந்துவிட்டுப் போன பிறகும், மகளை லொஜிஸ்டிக்ஸ் படிக்க விடலாமா என்ற உங்கள் கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை. மகள் ஓ.எல். (சாதாரண தரம்) நல்லபடியாகப் பாஸ் பண்ணிவிட்டாள், லொஜிஸ்டிக்ஸ், அதாவது பொருளை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கத் திட்டமிடும் படிப்பு, படிக்க வேண்டும் என்கிறாள். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டும் அவள் அப்பாவோ, "லொறி வேலைக்கா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைத்தோம்?" என்கிறார். கொழும்பில் இருக்கும் உங்கள் தம்பி, இனி எல்லாவற்றையும் மெஷினே செய்துவிடும், அந்தப் பக்கமே போக வேண்டாம் என்கிறார். அன்றைக்கு வெளியே ஆட்கள் காத்திருந்ததால் நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

லொஜிஸ்டிக்ஸ் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் நிற்கும்போது தினமும் பார்க்கிறீர்கள். சாக்கில் அடைத்த கொழுந்து நேரம் போகப் போகச் சூடேறும். சூடேறினால் சிவந்து தரம் கெடும். லொறி முதலில் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குப் போவதா, கீழ் டிவிஷனுக்கா, நிறுவை பிந்தினால் காத்திருப்பதா, அடுத்த மடுவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதா? இதை யாரோ ஒருவர் தினமும் முடிவு செய்கிறார். அந்த முடிவை அனுபவத்தோடு கணக்கையும் சேர்த்து எடுப்பதுதான் மகள் படிக்க விரும்பும் படிப்பு. கொழுந்து தூளாகி, கொழும்புக் களஞ்சியத்துக்குப் போய், ஏலத்தில் விலைபட்டு, கொள்கலனில் ஏறிக் கப்பலுக்குப் போகும் வரை இதே கேள்விதான். அளவு மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும்.

தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தின்போது இணையத்துக்கு மாறியது. கொழும்புத் துறைமுகத்தில் 2025 ஏப்ரலில் வேலை தொடங்கிய மேற்கு முனையத்தில், கொள்கலன்களை அடுக்கும் பாரந்தூக்கிகள் தானியங்கி. ஒரு தாளைப் பார்த்து இன்னொரு தாளில் எழுதும் வேலையும், எழுதியதைத் திரும்பத் தட்டச்சு செய்யும் வேலையும் குறைந்துகொண்டே வரும். மகளை அந்த மாதிரி வேலைக்குத் தயார் செய்ய வேண்டாம். ஆனால் மெஷினுக்குள் போகும் கணக்கு சரியா என்று பார்க்க ஆள் வேண்டும். அது சொல்லும் பதில் நம் ஊருக்குப் பொருந்துமா என்று சொல்லவும் ஆள் வேண்டும்.

2022 ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் செட்டில் நாள் கணக்கில் வரிசையில் நின்ற பிறகு, ஜூலையில் கியூ.ஆர். வந்தது. வண்டி நம்பரைப் பதிந்து, போனில் வந்த கட்டத்தைக் காட்டிப் பெற்றோல் அடித்தோம். ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர். எந்த வண்டிக்கு எவ்வளவு என்று அரசாங்கமே அளந்து கொடுத்தது. போக்குவரத்துக் கொள்கை தரவை வைத்து நடப்பதை நம் கையாலேயே தொட்டுப் பார்த்த காலம் அது. ஆனால் மேடு ஏறி இறங்கும் நம் ஆட்டோவுக்கும் சமதரையில் ஓடும் கொழும்பு ஆட்டோவுக்கும் அதே 5 லீற்றர்தான். அதை முடிவு செய்த மேசையில் மலைநாட்டுப் பிள்ளை ஒருத்தி இருந்திருந்தால் அதைக் கேட்டிருப்பாள்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். ஒரு மாணவிக்குப் பாடப் புத்தகங்களைப் பார்சலில் அனுப்பினேன். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து (வரிசை வீட்டு) நம்பர் எல்லாம் எழுதியிருந்தேன். டெலிவரி தம்பி போன் எடுத்தார். "மிஸ், போன் மெப்பில் பக்கத்தில்தான் காட்டுது, ஆனா முன்னால ஆறு ஓடுது." படத்தில் இரண்டு டிவிஷனும் ஒட்டினாற்போல் இருந்தன. நடுவில் ஓயா, அந்த ஆறு. பாலத்துக்குச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். புத்தகம் திரும்பி வந்தது. அந்தத் தம்பி மேல் குற்றமில்லை. லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாமல் தோட்டத்துக்கே ஒரு முகவரி என்று இத்தனை காலம் வைத்திருந்ததன் பலன் இது. அந்த வழி உங்கள் மகளுக்குத் தெரியும். அதை வரைபடத்தில் ஏற்றக் கற்றுக்கொண்டால் அதற்குச் சம்பளமும் கிடைக்கும்.

மழையும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனம், 100 ஐத் தாண்டினால் தயார்நிலை, 150 ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழைமானிக் கணக்கை வைத்து மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. கடுகண்ணாவைப் பக்கம் கண்டி-கொழும்புப் பாதையை மூடினால், மரக்கறி லொறிகளை கினிகத்தேனை, அவிசாவளை வழியாகத் திருப்ப முடியுமா, அந்த வழியும் தாங்குமா என்று உடனே பார்க்க வேண்டும். வளைவும் பனியும் தெரிந்தவள் பார்த்தால் பதில் வேறாக இருக்கும்.

சரி, படிப்புக்கு வருவோம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துக்கும் லொஜிஸ்டிக்ஸுக்கும் தனித் துறையே இருக்கிறது. உயர்தரத்தில் எந்தப் பாடங்கள் எடுத்தால் அங்கே விண்ணப்பிக்கலாம் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் வரிவரியாகப் பாருங்கள், பாடம் தெரிவு செய்வதற்கு முன்பே. இணைந்த கணிதம் எடுக்க மகளுக்கு ஆசை இருந்தால், கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் பாடசாலையில் கேளுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாத பாடத்தை எடுத்துவிட்டு இரண்டு வருடம் தவிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. அது சரிவராவிட்டால் வர்த்தகப் பிரிவு மோசமில்லை. கலைப் பிரிவில் புவியியலைக் குறைவாக நினைக்காதீர்கள். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தத் துறையில் இப்போது தேவை கூடுகிறது.

பளபளப்பான நோட்டீசைக் காட்டி இலட்சக்கணக்கில் டிப்ளோமாவுக்குக் கட்டணம் கேட்பார்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிவு பெற்றதா, என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) எத்தனையாம் மட்டம் என்று கேட்காமல் நகையை அடகு வைக்காதீர்கள். சிங்களமும் ஆங்கிலமும் மகளுக்கு அவசியம். களஞ்சியத்திலும் துறைமுகத்திலும் போனில் பேசிக் காரியம் முடிக்க வேண்டிவரும்.

இப்போதைக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். ஒரு மாதத்துக்கு அப்பாவின் லொறிக் கணக்கை அவள் எழுதட்டும். மடுவத்தை விட்ட நேரம், ஃபெக்டரி சேர்ந்த நேரம், எத்தனை கிலோ, மழையா வெயிலா. இரவில் போனிலேயே எக்செல்லில் போடலாம். மழை நாளில் எத்தனை நிமிடம் கூடுகிறது, எந்த மடுவத்தில் காத்திருப்பு அதிகம் என்று அவளே கண்டுபிடிக்கட்டும். அப்பாவிடம் காட்டி, சரியா என்று கேட்கட்டும். அவர் "இல்லை, அன்றைக்கு டயர் போனது" என்று ஏதாவது சொல்வார். அதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் வரும்போது மூன்று பேரும் வாருங்கள். அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள்.