மார்ஜின் பாசிட்டிவ் என்றால் கிட்னியை முழுசாக எடுத்தே ஆகணுமா?

அப்பாவுக்கு 3.5 செ.மீ. கட்டி, கிட்னியை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுத்தார்கள், பயாப்சியில் 'மார்ஜின் பாசிட்டிவ்' (வெட்டிய விளிம்பில் புற்று செல்) என்று வந்தது, திரும்பத் திறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தேவைப்படாது. ரிப்போர்ட்டைப் பார்க்காமலே வைத்தியம் சொல்கிறான் என்று யாரும் பாய வேண்டாம்; முடிவு உங்கள் யூராலஜிஸ்டுடையதுதான். அவரிடம் என்ன கேட்பது என்பதற்கே இது.

எடுத்த துண்டின் வெட்டுப்பரப்பில் லேபில் மை தடவி, மை பிடித்ததும் குறுக்கே அறுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்று செல் மையைத் தொட்டால் பாசிட்டிவ். நடுவில் அரை மில்லிமீட்டர் நல்ல திசு இருந்தாலே நெகட்டிவ். முன்பு சுற்றிலும் 1 செ.மீ. விட்டு எடுக்கணும் என்பார்கள். விளிம்பு சுத்தமாக இருந்தால் அகலம் முக்கியமில்லை என்று பிறகு தெரிந்தது. கட்டி அழுத்தியதில் அதைச் சுற்றி ஒரு பொய்யுறை உண்டாகியிருக்கும். அதை ஒட்டியே உரித்தெடுப்பதும் உண்டு.

இந்த ஆபரேஷனில் 100 பேரில் 2 முதல் 8 பேருக்கு இப்படி வருகிறது. கட்டி உள்ளே புதைந்திருந்தாலோ, பெரிய ரத்தக்குழாய்கள் பக்கம் இருந்தாலோ வாய்ப்பு அதிகம். ரத்தக்குழாய்க்குக் கிளாம்ப் போட்டபின், ரத்தமில்லாமல் கிட்னி கெடாதிருக்க 25 நிமிடத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும், அதனால் அவசரம். ரத்தம் கசிந்தால் எது கட்டி, எது கிட்னி என்று தெரியாது.

பயத்தில் முழுக் கிட்னியையும் எடுத்துப் பார்த்தபோது, பலருக்கு உள்ளே மிச்சப் புற்றே கிடைக்கவில்லை. வெட்டிய இடத்தைச் சுட்டு, இழுத்துத் தைக்கிறார்களே, ஒட்டியிருந்த கொஞ்சம் செல்கள் அதிலேயே செத்திருக்கலாம். அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். செல்லின் கிரேடு (எவ்வளவு மூர்க்கம் என்ற அளவு, 4 வரை) 3, 4 என்றாலோ, ஸ்டேஜ் பிடி3ஏ (சுற்றியுள்ள கொழுப்புக்கோ பெரிய ரத்தக்குழாய்க்கோ புற்று நுழைந்த நிலை) என்றாலோ, மை தொட்ட இடம் பல மில்லிமீட்டர் நீளம் என்றாலோ திரும்ப வரும் பயம் கூடும். ஆன்கோசைட்டோமா மாதிரி புற்றல்லாத சாதுக் கட்டி என்றால் மார்ஜினைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இங்கே ஒரு புலம்பல். உறவினர்களுக்குக் காட்ட ஆபரேஷன் தியேட்டரிலேயே கட்டியை இரண்டாக அறுத்துவிட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிளவுக்குள் மை ஓடினால் இல்லாத பாசிட்டிவ் வரும். மேலே ஒட்டிய கொழுப்பை உரித்துப் போட்டுவிட்டால், புற்று அதற்குள் நுழைந்ததா என்று எப்படிச் சொல்வது? திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் பத்து மடங்கு வேண்டிய துண்டைச் சின்ன டப்பாவில் திணித்தால் நடுப்பகுதி அழுகித்தான் வந்து சேரும். பழி மட்டும் லேபில் திசுவைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் பேத்தாலஜிஸ்டுக்கு.

ஆகவே மை தொட்ட நீளம், அந்த இடத்துச் செல்லின் கிரேடு, துண்டு முழுசாக வந்ததா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்லைடு, பிளாக் (மெழுகில் பதித்த திசு) இரண்டையும் வாங்கி வேறு பேத்தாலஜிஸ்டிடம் காட்டலாம். 3 முதல் 6 மாதத்தில் கான்ட்ராஸ்ட் சி.டி. எடுப்பார்கள், அதற்குமுன் ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்க்கணும். ரத்தம் நிற்க உள்ளே பஞ்சு மாதிரிப் பொருள் வைத்திருந்தால் அது ஸ்கேனில் கட்டி போலவோ சீழ் போலவோ தெரியும். ஆபரேஷன் நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். வழக்கமான பெட் ஸ்கேனுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். அதற்கு ஊசியில் ஏற்றும் மருந்து சிறுநீரில்தான் வெளியேறும், கிட்னி முழுக்க ஒளிர்ந்து எதுவும் புரியாது.