45 நாள் விடுதி வேண்டாம், பத்து மீட்டர் வடக்கயிறு போதும்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். கன்னி சாதி நாய், ஐந்து மாத ஆண்குட்டி வளர்க்கிறேன். வீட்டுக்குள் சொன்னால் உட்காரும். வயக்காட்டில் அவிழ்த்துவிட்டால் தொண்டை கிழியக் கத்தினாலும் வருவதில்லை. பாளையங்கோட்டையில் ஒருவர், 45 நாள் தன்னிடம் விட்டால் எல்லாம் பழக்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். விடலாமா ஐயா?

பதில்: விடாதீர்கள் தம்பி. முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். வராது, இருந்தாலும் கேளுங்கள்.

45 நாள் கழித்து அவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புவார். அதில் உங்கள் நாய் 'சிட்' என்றதும் உட்காரும். அவருடைய முற்றத்தில், அவருடைய குரலுக்கு. வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான். ஒரு இடத்தில் ஒரு ஆளிடம் படித்ததை நாய் இன்னொரு இடத்துக்குத் தானாகக் கொண்டுபோகாது. உங்கள் குட்டி வீட்டில் உட்கார்ந்து வயலில் மறப்பதும் இதனால்தான். அந்த 45 நாளில் அது அடி வாங்குகிறதா, சுருக்குச் சங்கிலியில் தொங்குகிறதா என்று பார்க்க ஆள் கிடையாது. நாய்க்குட்டி விற்கிறவர் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் விதி போட்டார்கள். அதையே சந்தையில் யாரும் மதிப்பதில்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. முதல் தடவை பிடிபட்டால் அதில் போட்டிருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்று ரெண்டு புரோட்டாவுக்குக் காணாது. இந்த லட்சணத்தில் உங்கள் குட்டியை யார் காப்பாற்றுவார்?

இனி உங்கள் குட்டி. கன்னி மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் சாதி. தூரத்தில் ஒரு ஆட்டுக்குட்டி துள்ளினால் அதன் காது அடைத்துக்கொள்ளும். திமிர் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். ஆச்சி 'உக்காரு' என்கிறார், நீங்கள் 'இரில' என்கிறீர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை 'சிட்' என்கிறது. நாய் என்ன செய்யும்? கூப்பிடுவதற்கு 'வா' வேண்டாம். நாள் முழுக்க வீட்டில் யாரையாவது வா வா என்றுதான் சொல்கிறோம். வேறெதற்கும் பயன்படாத ஒரு சொல்லோ, ஒரு சீழ்க்கையோ வையுங்கள்.

பத்து மீட்டர் பருத்தி வடக்கயிறு வாங்குங்கள். நைலான் கையை அறுத்துவிடும். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டாமல் நெஞ்சுப்பட்டையில் கட்டுங்கள். கன்னிக்குத் தலை ஒடுக்கம், பின்னால் இழுத்தால் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். ஓட்டத்தில் சுண்டினால் கழுத்துக்கும் கேடு. உப்புப் போடாமல் அவித்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அல்வா, திராட்சை, வெங்காயம் பட்டது எதுவும் கூடாது.

ஒரு தடவை மட்டும் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்ததும் நீங்கள் எதிர்ப்பக்கம் ஓடுங்கள், துரத்திக்கொண்டு வரும். வந்ததும் ஈரல், பிறகு மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை! விளையாட்டை முடித்துச் சங்கிலி போடவும், குளிப்பாட்டவும், திட்டவும் மட்டுமே கூப்பிடுகிறோம். அப்புறம் அது ஏன் வரும்? பத்து நிமிஷம் ஆட்டம் காட்டிவிட்டு வந்தாலும் அடிக்கக் கூடாது. அடித்தால், வந்ததற்கு அடித்ததாகத்தான் அதற்குப் படும்.

சோற்றுக்கு முன்னால், ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம், நாளைக்கு மூன்று தடவை. முதல் வாரம் வீட்டு முற்றம், பிறகு தெரு, கடைசியில்தான் வயல். வெறிநாய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டதல்லவா? இன்னொன்று, ஒல்லி உடம்புக்காரக் கன்னிக்கு நெடுநேரம் குத்தவைத்து உட்காருவது சுகமில்லை. 'நில்' பழக்குங்கள், அதுவே போதும்.

இதை வெள்ளை ராஜபாளையம் வைத்திருப்பவர்களும் படிப்பீர்கள். உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தச் சாதியில் பிறவிச் செவிடு அதிகம். கீழ்ப்படியவில்லை என்று அடிவாங்கிய குட்டிக்குக் காதே கேட்காது என்று பிறகு தெரிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். குட்டி தனியாகத் தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல் அடுத்த அறையில் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலைத் தரையில் தட்டாதீர்கள், அதிர்வில் விழித்துக்கொள்ளும். கூடப்பிறந்த குட்டி பக்கத்தில் இருக்கக் கூடாது. அது எழுந்தால் இதுவும் எழும், கேட்டது என்று ஏமாந்துபோவீர்கள். ஒரு காது மட்டும் கேட்டால் சத்தம் வந்த திசையை விட்டு வேறு பக்கம் திரும்பும். நான்கைந்து நாள் பார்த்தும் சந்தேகம் இருந்தால் திருநெல்வேலி பக்கம் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். செவிட்டு நாய்க்குக் கைச்சாடையில் எல்லாம் பழக்கலாம், வெட்டவெளியில் அவிழ்த்துவிடுவது மட்டும் ஆயுசுக்கும் கிடையாது.

உங்கள் கன்னியையும் ஆடு மேய்கிற பக்கம் இப்போதைக்கு அவிழ்க்காதீர்கள். வடக்கயிறு தரையில் இழுபட, பத்துக்குப் பத்து தடவையும் கூப்பிட்டதும் வர வேண்டும். அது வருவதற்கு எத்தனை மாதம் ஆனாலும் கயிறு இருக்கட்டும்.