அத்தையின் கணவர் அத்தப்பா

கேள்வி: உங்கள் வீட்டுக் குழந்தை சொன்ன, இன்றும் நினைத்தால் சிரிப்பு வருகிற பேச்சு எது?

எங்கள் வீட்டில் இதற்கென்றே ஒரு நோட்டு உண்டு. நோட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பால் கணக்கு எழுதிய நாற்பது பக்க நோட்டுதான். முன்பக்கத்திலிருந்து பால், பின்பக்கத்திலிருந்து மகள் என்று வளர்ந்து, நடுவில் ஓரிடத்தில் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்த நோட்டை எடுத்தாலே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

அதில் முதல் பக்கத்தில் இருப்பது 'பயம்'. ழ அவளுக்கு வெகுநாள் வரவில்லை, ய-தான் வரும். ரயிலில் ஒருமுறை வாழைப்பழக்காரர் தாண்டிப் போனதும் "பயம்! பயம்!" என்று அழுதாள். எதிர் சீட்டில் இருந்த பெரியம்மா அவள் தலையைத் தடவி, "பயப்படாதம்மா, அவரு ஒண்ணும் செய்ய மாட்டாரு" என்றார். அவள் இன்னும் சத்தமாக, "எனக்குப் பயம் வேணும்!"

ஆனால் நோட்டிலேயே உருப்படியான சொல் என்று கேட்டால் 'அத்தப்பா'தான். என் அக்கா அவளுக்கு அத்தை. அத்தையின் கணவர் மாமா. இதை நாங்கள் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தும் அவள் ஏற்கவில்லை. சித்தி வீட்டுக்காரர் சித்தப்பா, பெரியம்மா வீட்டுக்காரர் பெரியப்பா. அப்படியென்றால் அத்தை வீட்டுக்காரர் அத்தப்பாதானே? மூன்று வயதில் யாரும் சொல்லித் தராமல் அவளாகவே கண்டுபிடித்த கணக்கு இது. யோசித்துப் பார்த்தால் கணக்கில் தப்பே இல்லை, தப்பு தமிழில்தான் இருக்கிறது.

1958-ல் ஜீன் பெர்கோ என்கிற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். பறவை மாதிரி ஏதோ ஒன்றைப் படமாக வரைந்து, அதற்கு 'வக்' என்று இல்லாத பெயர் ஒன்றை வைத்துக் குழந்தைகளிடம் காட்டினார். பிறகு இரண்டு இருக்கிற படத்தைக் காட்டி "இப்போது இரண்டு..." என்று இழுத்ததும், நாலைந்து வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் "வக்ஸ்" என்றார்கள். அந்தச் சொல்லை அதற்கு முன் ஒருவரும் கேட்டிருக்க வழியில்லை. ஆக, பிள்ளைகள் நம் பேச்சைக் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்வதில்லை, அதற்குள் இருக்கிற விதியை உருவி எடுத்துக்கொள்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வருவது, அந்த விதியை நாமே ஒழுங்காகப் பின்பற்றாத இடங்களில்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பஸ் கதை எல்லார் வீட்டிலும் இருக்கும், எங்கள் வீட்டிலும் உண்டு. அப்போது அரசுப் பேருந்தில் மூன்று வயது வரைதான் இலவசம், அதற்கு மேல் அரை டிக்கெட். வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் திருச்செந்தூர் வண்டி ஏறியதும் கண்டக்டர் கேட்க, என் மனைவி கொஞ்சம்கூடக் கூசாமல் "ரெண்டரை" என்றாள். மடியில் இருந்தவள் நிமிர்ந்து, "பஸ்ஸுலயாம்மா? வீட்டுலயா?" என்று கேட்டாள். அரை டிக்கெட் எடுத்தோம். 2022-ல் அந்த வரம்பை ஐந்து வயதாக்கினார்கள். என் மனைவி இன்னும் அரசை மன்னிக்கவில்லை.

இதெல்லாம் சின்னச் சிரிப்பு. எங்கள் குடும்பத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது வேறொன்று. அதைச் சிரிப்பு என்று எழுதலாமா என்றுகூடத் தெரியவில்லை.

என் அப்பா இறந்தபோது அவளுக்கு நாலு வயது. பாளையங்கோட்டை வீட்டில், முன்கட்டில் ஐஸ் பெட்டி. கண்ணாடி மூடியில் நீர்த்துளி கோத்து, முகம் தெரிய வேண்டும் என்று யாராவது ஒருவர் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்திருந்ததால், அதில் கால் பட்டுவிடக் கூடாது என்று சித்தப்பா ஒரு நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார். பெட்டி விர்ரென்று ஓடுகிற சத்தம். ஒப்பாரி சொல்ல வந்தவர்கள் மூச்சு வாங்க நிறுத்துகிற நேரங்களில் அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும்.

அப்படி ஒரு நிறுத்தத்தில்தான், என் மனைவியின் இடுப்பில் இருந்தவள் தெளிவாகக் கேட்டாள்: "அம்மா, தாத்தாவ ஏன் ஃபிரிட்ஜுல வச்சிருக்காங்க? வெளிய இருந்தா கெட்டுப் போயிருவாங்களா?"

யாரும் அசையவில்லை. என் மனைவி அவள் வாயைப் பொத்தப் போனாள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என் அம்மா, காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், தலையை நிமிர்த்திப் பேத்தியைப் பார்த்தாள்.

"அம்பது வருசமா கெட்டுப் போவாத மனுசன், இனிமேயாட்டி கெட்டுப் போவப் போறாரு?"

முதலில் அக்காதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஒருவர் அணைக்கப் போய், விஷயம் தெரிந்து அவரும் குலுங்கினார். ஒயருக்குக் காவல் இருந்த சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்தாள்.

இன்றைக்கும் அப்பாவின் திதிக்குச் சாப்பிட்டு முடித்து இலை எடுக்கும்போது யாராவது இதை ஆரம்பித்துவிடுவார்கள். அம்மா ஒவ்வொரு வருடமும் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்கிறாள். போன வருடம் "பீடி சிகரெட் தொடாத மனுசன்" என்பதும் சேர்ந்துவிட்டது. அப்பா பீடி குடிப்பார், எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் திருத்துவதில்லை.

கதையின் நாயகிக்கு மட்டும் இதில் எதுவுமே நினைவில்லை. தாத்தாவின் முகமே போட்டோவில் பார்த்ததுதான் என்கிறாள். ஐஸ் பெட்டி கதையை மற்றவர்களோடு சேர்ந்து கேட்டுச் சிரிப்பாள், "நான் அப்படிச் சொல்லிருக்கவே மாட்டேன்" என்பாள். பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய எதுவும் பிற்பாடு நினைவுக்கு வராதாம். இவளுக்கு நாலு வயதுக் கதையும் அதோடு போய்விட்டது. அவள் சொன்னதற்கு நாங்கள்தான் சாட்சி. நாங்களும் ஆளுக்கு ஒரு மாதிரிச் சொல்கிறோம். பஸ்ஸில் அவள் கேட்டது "வீட்டுலயா"தான் என்று நானும், "ஸ்கூல்லயா" என்று மனைவியும் இன்னும் சண்டை போடுகிறோம். அந்தப் பக்கம் எழுதும் முன்பே நோட்டில் பால் வந்து முட்டிவிட்டது.

அத்தப்பா மட்டும் அழியவில்லை. அவள் விட்டுவிட்டாள், நாங்கள் விடவில்லை. அக்காவே தன் கணவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். மகளின் எட்டு வயதுத் தம்பிக்கு அது வேடிக்கைச் சொல் என்றே தெரியாது. போன மாதம் அவன் தமிழ்த் தேர்வுத் தாளைக் கையெழுத்துக்கு நீட்டினான். 'அத்தையின் கணவர்' என்பதற்கு எதிரே, குண்டு குண்டாக 'அத்தப்பா'. மிஸ் சிவப்பு மையில் சுழித்து அரை மதிப்பெண் குறைத்திருந்தார். படம் எடுத்து அத்தானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

"கையெழுத்த நான் போடட்டுமா மாப்ள?"