கேளுங்க, சொல்றோம்: உளுந்துக்குள்ள புரோட்டீன் எப்படி வந்துச்சு?

கேள்வி: வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு உழக்கு பச்சரிசி அளந்து அது மேலயே உளுந்தைக் கோபுரமா வச்சு ஊறப்போடுறோம், அரைச்சா மாவு பொங்கி வருது. உளுந்துல இருக்குற புரோட்டீன்தான் காரணம்னு பேத்தி சொல்றா. அது பருப்புல எங்க இருக்கு, எப்படி உருவாகுது?
- ஒரு ஆச்சி, தேவகோட்டை

பதில்: பேத்தி சொல்றது சரிதான் ஆச்சி. உளுந்தோட வழவழப்புக்கும் இதுல பங்கு உண்டு. அது புரோட்டீன் இல்ல, சர்க்கரைகள் சங்கிலியாக் கோர்த்த ஒரு பொருள். ரெண்டும் சேர்ந்துதான் அரைக்கிறப்ப உள்ள போற காத்தைப் பிடிச்சு வைக்குது, அதனாலதான் நல்லா அரைபட்ட உளுந்து மாவைக் கிள்ளித் தண்ணியில போட்டா மிதக்குது.

உளுந்துல நூறு கிராமுக்கு 24 கிராம் கிட்ட புரோட்டீன் இருக்கு. அதுல பெரும்பகுதி நம்ம உடைச்சு எடுக்குற அந்த ரெண்டு பருப்புப் பாதியிலதான், அதுதான் செடியோட முதல் விதையிலைகள். பூ உதிர்ந்து காய் பிடிச்சதும் முதல்ல அங்க செல்லுங்க பெருகும், அப்புறம் பெருகுறது நின்னுட்டு, இருக்குற செல்லுங்க மாவுச்சத்தையும் புரோட்டீனையும் ரொப்ப ஆரம்பிக்கும்.

செல்லுக்குள்ள எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்னு ஒரு சவ்வு வலை இருக்கு, அது மேல ஒட்டியிருக்குற ரைபோசோம்கள், புரோட்டீனோட கண்ணிகளான அமினோ அமிலங்களை ஒண்ணொண்ணாக் கோர்த்து சங்கிலியாக்கும், சங்கிலி வலைக்குள்ள போனதும் அதோட முன்நுனி வெட்டுப்பட்டு, மடிஞ்சு, மூணு மூணா ஒண்ணு சேரும். உளுந்துலயும் பாசிப்பயறுலயும் அதிகம் இருக்குற விசிலின்ங்கிற புரோட்டீன் வகைக்கு இந்த மூணே போதும், அப்படியே வேக்குவோல்ங்கிற பைக்குப் போய்ச் சேர்ந்துரும். சோயாவுலயும் நிலக்கடலையிலயும் நிறைய இருக்குற லெகுமின் வகை பைக்குப் போனப்புறம்தான் முழுசாகும். அங்க ஒரு என்சைம் ஒவ்வொரு சங்கிலியையும் ஒரு குறிப்பிட்ட இடத்துல, அஸ்பராஜின்ங்கிற அமினோ அமிலத்தை ஒட்டி, வெட்டும். வெட்டுன ரெண்டு துண்டும் கந்தகப் பிணைப்பால ஒட்டியே இருக்கும், அப்பத்தான் மூணு சேர்ந்த கூட்டம் ரெண்டு, ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து ஆறாகும். வெட்டு விழுறதுக்கு முன்னாடி அந்த ஆறு சேராது. எனக்கு இந்தப் பாடத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், வழியிலேயே சேர்ந்து கெட்டிப்பட்டுறாம போக வேண்டிய இடத்துக்குப் போனப்புறம் சேருது பாருங்க!

விதை முத்துறப்ப அந்தப் பெரிய பை சின்னச் சின்ன உருண்டையாப் பிரிஞ்சு, பெட்டகத்துல சாமான் அடுக்குன மாதிரி புரோட்டீனை நெருக்கி வச்சுக்கும். ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல சில பங்குதான். முளைக்கிறப்ப வேற என்சைம்கள் வந்து அதை உடைச்சு நாத்துக்குக் கொடுக்கும்.

இந்தப் புரோட்டீன்ல மெத்தியோனின்ங்கிற அமினோ அமிலம் கம்மி, அரிசியில லைசின்ங்கிற அமினோ அமிலம் கம்மி, ஒண்ணோட குறையை இன்னொண்ணு ஈடுகட்டும். உங்க உழக்குக் கணக்கு அருமையான கணக்கு ஆச்சி.

கேள்வி: பயறை முளைகட்டுனா புரோட்டீன் டபுளாகும்ங்கிறாங்களே?
- வாசகர், காரைக்குடி

பதில்: ஆகாது. தண்ணி மட்டும் ஊத்தி வச்சா புரோட்டீனுக்கு வேணுங்கிற நைட்ரஜன் எங்கருந்து வரும்? இருக்குற புரோட்டீன்தான் உடைபடுது. தண்ணி ஏறுறதால எடைக்கு எடை பார்த்தா கம்மியாத்தான் தெரியும். ஆனா வைட்டமின் சி கூடும், அதுக்காகவே முளைகட்டலாம்.

கேள்வி: எனக்கு குளூட்டன் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கவுனி அரிசி அவ்வளவு ஒட்டுதே, அதுல குளூட்டன் இருக்குமா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இல்லீங்க. குளூட்டன் கோதுமையோட சேமிப்புப் புரோட்டீன், கிளையடினும் குளூட்டெனினும் தண்ணி பட்டுப் பிசையிறப்ப வலையாகுறது. பார்லியிலயும் அதுக்குச் சொந்தக்காரப் புரோட்டீன் இருக்கு, அதனால அதுவும் வேணாம். கவுனி ஒட்டுறது அமைலோபெக்டின்ங்கிற மாவுச்சத்தால, கறுப்பா இருக்குறது மேல்தவிட்டுல இருக்குற ஆந்தோசயனின் நிறத்தால. தேங்காய், சீனி, நெய் போட்டுத் தாராளமாச் சாப்பிடுங்க. அரைச்ச மாவா வாங்குனா மட்டும் கோதுமை அரைக்கிற மிஷின்லயே அரைச்சதான்னு கேட்டுக்கோங்க.